பட்டியலை எழுதியது யார்? துருவக் கருவிகளும் திருவனந்தபுரத்து வானாய்வகமும்

(நீண்ட பதிவு. அறிவியல் வரலாறு, மொழியியல், தென்னக வரலாறு பயில்வோர் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

துருவப் பயணங்களுக்குப் பொருள்களைத் தேர்ந்து வாங்கிய வரலாறு என்றதும் சில காட்சிகளே நம் நினைவுக்கு வருகின்றன. 1911 டிசம்பரில் தென் துருவத்தை முதலில் அடைந்த நார்வே நாட்டவர் ரூவால் ஆமுன்சென், வட துருவப் பகுதியின் நெட்சிலிக் மக்களிடம் கற்ற தோலாடைகளையும் நாய்களையும் நம்பினார். 1912 ஜனவரியில் அங்குச் சென்று சேர்ந்த ராபர்ட் ஸ்காட், மட்டக்குதிரைகளையும் மோட்டார்ச் சறுக்கு வண்டிகளையும் மனிதத் தோள்களையும் நம்பினார். ஆமுன்சென் தம் எண்ணெய்க் கலன்களின் வாயைப் பற்றவைத்து மூடச் செய்தார். ஸ்காட்டின் கலன்களில் தோல் வளையங்களே இருந்தன. அவை குளிரில் பயனற்றுப்போக, எண்ணெய் குறைந்தது. திரும்பும் வழியில் அவரும் உடன்சென்ற நால்வரும் மாண்டதற்கான காரணங்களுள் அக்குறையும் ஒன்று.

இந்தக் கதைகள் மெய்யானவை, கேட்கத் தகுந்தவை. ஆயினும் அவை அனைத்தும் உயிரோடு போய்த் திரும்புவதற்கான பொருள்களைப் பற்றியவை. எதை அளப்பதற்காகப் போனார்கள், அதற்கு எந்தக் கருவிகளை எப்படித் தேர்ந்தார்கள் என்ற கேள்வியைக் கேட்டால், வரலாறு வேறு திசையில் திரும்புகிறது. அந்தத் திசையில் திருவனந்தபுரமும் இருக்கிறது. தம்பானூரில் பேருந்தோ தொடர்வண்டியோ விட்டு இறங்கி, தலைமைச் செயலகத்தைக் கடந்து, பாளையத்திற்கு அப்பால் சென்றால் ஒரு குன்று வரும். அதன்மேல் 1837இல் எழுந்த வானாய்வகம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. தென் துருவக் கடலுக்குச் சென்ற கருவிகளின் வகையைச் சேர்ந்தவை இந்தக் குன்றுக்கும் வந்தன. அவை ஏன் வந்தன என்பதே இப்பதிவின் பொருள்.

1. பட்டுநூலில் தொங்கிய காந்தம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடலோடும் வல்லரசுகளை வருத்திய சிக்கல் திசைகாட்டியைப் பற்றியது. காந்த ஊசி மெய்யான வடக்கைக் காட்டுவதில்லை. அது காட்டும் திசை இடத்திற்கு இடம் வேறுபடும். ஒரே இடத்திலும் ஆண்டுக்கு ஆண்டு, ஏன், மணிக்கு மணி கூட மாறும். இந்த மாற்றம் உள்ளூர் நிகழ்ச்சியா, உலகம் முழுவதும் ஒரே கணத்தில் நிகழ்வதா? கோட்டிங்கன் நகரில் கார்ல் பிரீட்ரிக் கௌஸும் வில்ஹெல்ம் வேபரும் 1830களில் இதற்கு ஒரு வழிமுறை வகுத்தனர். குறித்த நாள்களில், கோட்டிங்கன் நேரத்தை ஒட்டி, எல்லா நிலையங்களிலும் ஒரே கணத்தில் ஊசியைப் படிக்க வேண்டும். ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை, இருபத்துநான்கு மணி நேரமும். 1836இல் அலெக்சாந்தர் ஃபான் ஹம்போல்ட் இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு மடல் எழுதி, பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்ட நிலங்களிலும் இத்தகைய நிலையங்கள் வேண்டும் என்றார். 1838இல் நியூகாசிலில் கூடிய பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகம் அதைத் தீர்மானமாக்கியது. 1839 செப்டம்பர் இறுதியில் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்கள் தெற்கு நோக்கிப் புறப்பட்டன.

1831இல் வட காந்த முனையில் நின்று ஊசி 89 பாகை 59 கலை சரிந்து நின்றதைக் கண்டவர் ராஸ். இப்போது அவருடைய இலக்கு தென் காந்த முனை. ஆனால் பயணத்தின் நோக்கம் ஒரு புள்ளியில் கொடி நடுவது மட்டுமன்று. போகும் வழியில் செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை, ஹோபார்ட் ஆகிய இடங்களில் நிலையான காந்த ஆய்வகங்களை நிறுவுவதும் அவருக்கு இடப்பட்ட பணி. டொரண்டோவில் ஒன்று தனியே அமைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களை ஏற்றுக்கொண்டது.

இந்தத் திட்டத்திற்கான கருவிகளைத் தெரிவு செய்தவர்களுள் முதன்மையானவர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஹம்ப்ரி லாயிட். அவர் பட்டியலில் மூன்று கருவிகள் முக்கியமானவை. ஒன்று, முறுக்கில்லாப் பட்டிழைகளில் தொங்கும் காந்தச் சட்டம். இது திசை விலகலைக் காட்டும். இரண்டாவது, இரு கம்பிகளில் தொங்கவிட்டு, காந்தத் தென்வடலுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தப்பட்ட சட்டம். இது கிடைவிசையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். மூன்றாவது, தராசுக்கோல் போலக் கத்திமுனையில் சமநிலைப்படுத்திய ஊசி. இது செங்குத்து விசைக்கானது. மூன்றையும் தொலைவிலிருந்து தொலைநோக்கியாலும் நுண்ணோக்கியாலும் படிக்க வேண்டும். ஆய்வாளரின் சட்டைப்பையில் இருக்கும் பேனாக்கத்தியே ஊசியை அசைத்துவிடும்.

இத்தகைய கருவிகளை வாங்குவோர் சாதாரணமாக நல்லது எது, மலிவானது எது, உறுதியானது எது என்று கேட்பார்கள். இங்கே முதற்கேள்வி வேறு: ஒன்றுபோல இருப்பது எது? கெர்கெலன் தீவின் கடுங்காற்றிலும் டொரண்டோவின் பனியிலும் வங்கக் கடலோர வெக்கையிலும் ஒரே வகைக் கருவி, ஒரே முறை, ஒரே கணம். சற்றுத் தரம் குறைந்த கருவியானாலும் எல்லா இடத்திலும் ஒரே குறையோடு இருந்தால் கணக்கில் திருத்திவிடலாம். ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறு சிறந்த கருவி இருந்தால் ஒப்பிடவே முடியாது. காந்தம் சூடேறினால் வலுவிழக்கும். ஆதலால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெப்பமானி வேண்டும், ஒவ்வொரு காந்தத்திற்கும் வெப்பத் திருத்த எண் வேண்டும். கட்டடத்தில் இரும்பாணி கூடாது. செம்பாணியே அடிக்க வேண்டும். படிப்பவருக்கும் ஒரே பயிற்சி வேண்டும்; படை அதிகாரிகள் டப்ளினுக்குச் சென்று லாயிடிடம் பயின்றார்கள். பொருளும் கட்டடமும் மனிதரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டனர்.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1840 மே மாத இறுதியில் ராஸ் கெர்கெலன் தீவில் குறித்த நாளின் அளவீடுகளை எடுத்தபோது, உலகின் ஏறத்தாழ மறுபக்கத்தில் உள்ள டொரண்டோவிலும் ஊசி கலங்கியிருந்தது. காந்தப் புயல் உள்ளூர்க் காற்றன்று, உலகம் தழுவியது என்பதற்கு அது வலுவான சான்று. துருவப் பயணியின் கையிலுள்ள கருவிக்குத் தனியே மதிப்பில்லை. அதன் இணை வேறெங்கோ இருக்கும்போதே அது பேசுகிறது.

2. கால்டிகாட்டின் கொள்முதல்

திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக ஆலப்புழையில் இருந்த ஜான் கால்டிகாட், தம் சொந்தக் கருவிகளால் வானை நோக்கிவந்தவர். அவர் முயற்சிக்கு ஆங்கிலேய ரெசிடென்ட் ஃப்ரேசரின் துணையும், இளம் மன்னர் சுவாதித் திருநாளின் ஆர்வமும் வாய்த்தன. இசையறிஞராக நாம் அறிந்த சுவாதித் திருநாள் 1837இல் வானாய்வகத்தை நிறுவிக் கால்டிகாட்டை அதன் தலைவராக்கினார். அடுத்த ஆண்டின் இறுதியில் கால்டிகாட் மேலும் கருவிகள் வாங்க ஐரோப்பா செல்ல இசைவு பெற்றார்.

காலப் பொருத்தத்தைக் கவனியுங்கள். அவர் ஐரோப்பாவில் இருந்த காலமும் ராஸின் கப்பல்களுக்குக் கருவிகள் திரட்டப்பட்ட காலமும் ஒன்றே. விண்மீன்களுக்கான கருவிகளை நாடிச் சென்றவர், காந்தத் திட்டத்தில் திருவிதாங்கூரையும் இணைத்துக்கொண்டு, 1841இல் காந்தக் கருவிகளோடும் வானிலைக் கருவிகளோடும் திரும்பினார். எடின்பரோவின் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் வகுத்த முறையில், நிலத்தினுள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து 1842 முதல் 1845 வரை திருவனந்தபுரத்து மண்ணின் வெப்பத்தையும் அளந்தார்.

பணம் திருவிதாங்கூர்க் கருவூலத்தினுடையது. அந்நாளைய திருவிதாங்கூர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியது. நாஞ்சில் நாட்டு நெல்வயல்களின் வரியும் அக்கருவூலத்தில் சேர்ந்தது. தென் துருவக் கடலில் அசைந்த ஊசியின் இணைக்கு விலை கொடுத்தவர்களுள் தோவாளை, அகத்தீசுவரம் உழவர்களும் உண்டு என்று சொன்னால் அது மிகையன்று.

இந்த இடம் ஏன் தேவைப்பட்டது? காந்த முனையில் ஊசி செங்குத்தாக நிற்கும். காந்த நடுக்கோட்டில் கிடையாக நிற்கும். திருவனந்தபுரம் காந்த நடுக்கோட்டுக்கு அருகே உள்ளது. எல்லையொன்றில் ராஸ் அளந்தார். மற்ற எல்லையில் அளக்க ஒருவர் வேண்டும். துருவத்தின் மறுதலை நம் குன்றில் இருந்தது.

அளத்தல் என்பது அன்றாடம் எத்தகைய உழைப்பு என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கோட்டிங்கனுக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடையே ஏறத்தாழ 67 பாகை நெடுங்கோட்டு வேறுபாடு உண்டு. அதாவது சுமார் 4 மணி 28 நிமிடம். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே விடிகாலை நாலரை. ஐந்து நிமிடத்துக்கொரு முறை என்றால் ஒரு நாளைக்கு ஒரு கருவிக்கு 288 படிப்புகள். மழைக்கால இரவிலும் விளக்கொளியில் யாரோ ஒருவர் கண்ணைத் தொலைநோக்கியில் பதித்து, ஜெர்மானிய நகரொன்றின் நேரத்தில் எண்களை எழுதினார். அந்த ‘யாரோ’ கால்டிகாட் மட்டும் அல்லர். முறைவைத்துக் கண்விழித்த உள்ளூர் உதவியாளர்களின்றி இப்பதிவேடுகள் இல்லை.

3. அகத்தியர் மலையும் பதிவேட்டின் தலைப்பும்

1849இல் கால்டிகாட் மறைந்தார். ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டவுன் காந்த ஆய்வகத்தில் பணிபுரிந்த ஜான் ஆலன் பிரௌன் 1852இல் இங்கு வந்து பொறுப்பேற்றார். இங்கிருந்து கதை திசை மாறுகிறது. என் வாதத்தின் மையமும் இதுவே.

கால்டிகாட் வாங்கியது பிறர் எழுதிய பட்டியலை. அதில் திருவனந்தபுரம் ஒரு புள்ளி. பிரௌனோ இந்த இடத்திற்கே உரிய கேள்விகளைக் கேட்டார். காந்த நடுக்கோட்டருகே ஊசியின் அன்றாட அசைவு, சூரியன் வடக்கே செல்லும்போதும் தெற்கே செல்லும்போதும் எவ்வாறு மாறுகிறது? உயரம் கூடினால் அசைவு மாறுமா? இரண்டாம் கேள்விக்கு விடை காண 1855இல் அகத்தியர் மலையில், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், இன்னொரு ஆய்வகத்தை எழுப்பினார். சாலையற்ற காட்டுவழியில் கருவிகள் மேலேறின. மழையும் மூடுபனியும் காட்டு விலங்குகளும் சூழ்ந்த அந்தச் சிகரத்தில் வேண்டியிருந்த ஏற்பாடுகள் துருவ முகாமுக்கு வேண்டியவற்றிலிருந்து அதிகம் வேறுபட்டவை அல்ல: எடை குறைந்த மரக்கட்டு, ஈரம் புகாத பெட்டி, மாற்றாள், உணவு, எரிபொருள்.

அவருடைய முடிவுகள் சிறியவை அல்ல. புவியின் காந்த விசையில் நாளுக்கு நாள் நேரும் ஏற்ற இறக்கம் தொலைதூர நிலையங்களிலும் ஒரே சமயத்தில் நிகழ்வதையும், காந்தக் கலக்கங்கள் சூரியனின் சுழற்சியை ஒட்டிச் சுமார் 26 நாள்களுக்கு ஒருமுறை மீள்வதையும் அவர் காட்டினார். ஒரே அச்சுக் கருவிகளைப் பரப்பிய பழைய பட்டியலின்றி இந்த ஒப்பீடு இயன்றிராது; தம் கேள்விகளை அவர் எழுப்பியிராவிட்டால் அப்பட்டியலால் இங்குப் பெரும்பயனும் விளைந்திராது.

மொழியியல் மாணவர் கண்ணுக்கு இன்னொன்று படும். 1874இல் இலண்டனில் அச்சான பிரௌனின் பதிவேடு ஊரை ‘திரெவாண்ட்ரம்’ என்றும், சிகரத்தை ‘அகஸ்டியா மல்லே’ என்றும் தலைப்பில் எழுதுகிறது. ‘மலை’ என்ற சொல் மொழிபெயர்க்கப்படாமல் புவிகாந்தவியல் நூலின் முகப்பில் ஏறியிருக்கிறது. தமிழ் இலக்கணத்தின் தந்தையாக நாம் போற்றும் அகத்தியரின் பொதிய மலை அது. மறுபக்கம், மலையாளத்தில் வானாய்வகத்தை ‘நட்சத்திர பங்களா’ என்று சொல்லும் வழக்கு உண்டு. அச்சொல் விண்மீனைக் கண்டது, காந்தத்தைக் காணவில்லை. இருட்டறைக்குள் பட்டிழையில் தொங்கிய சட்டத்திற்கு மக்கள் வழக்கில் பெயர் அமையவில்லை. பெயர் அமையாதவை எளிதில் மறக்கப்படுகின்றன.

அதே தலைப்பில் உள்ள ஆண்டுகளும் கவனத்திற்குரியவை: 1852 முதல் 1869 வரை. பிரௌன் 1865இல் திருவனந்தபுரத்தை விட்டுச் சென்றுவிட்டார். எஞ்சிய நான்காண்டுகளின் அளவீடுகள் அவர் பயிற்றுவித்த உள்ளூர் உதவியாளர்களின் உழைப்பு. கருவியை வாங்கியவர் பெயரும் நூலை எழுதியவர் பெயரும் அறிவியல் வரலாற்று நூல்களில் உள்ளன. கருவியைப் படித்தவர்கள் அங்கே ‘உதவியாளர்கள்’ என்ற பன்மைக்குள் அடங்கிவிடுகின்றனர்.

4. இந்தியக் கோவேறு கழுதைகள்

பட்டியல் யாருடையது என்ற கேள்வியை ஸ்காட்டின் பயணத்திற்கும் போட்டுப் பார்க்கலாம். அவருடைய மட்டக்குதிரைகள் கிழக்காசியாவில் வாங்கப்பட்டவை. வாங்கச் சென்ற மியர்ஸ் நாய்களை அறிந்தவர், குதிரைகளை அறிந்தவரல்லர். இந்தியாவில் குதிரைப்படையில் பணியாற்றிய ஓட்ஸ் அவற்றைப் பார்த்ததும் மனம் தளர்ந்தார். இரண்டாம் ஆண்டுக்கு இந்தியாவிலிருந்து ஏழு கோவேறு கழுதைகள் வரவழைக்கப்பட்டன. லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப் என்பன அவற்றின் பெயர்கள். அவற்றுக்கான பயிற்சியும் சேணமும் போர்வையும் பனிக் காலணியும் கண்ணாடியும் இந்தியாவிலேயே, மலைப்பகுதிப் படைப்போக்குவரத்தில் பழகியோர் கையால் அமைந்தன. முன்பு வாங்கியவற்றைவிட அவை மிகச் சீராக இருந்தன. ஆயினும் கொடுத்த தீவனத்தை விட்டுத் தேயிலைச் சக்கையையும் கயிற்றையும் அவை விரும்பித் தின்றன. எத்தனை கவனமான பட்டியலிலும் இப்படி ஒரு வரி விடுபட்டுப் போகும். 1912 நவம்பரில் ஸ்காட்டின் கூடாரத்தைக் கண்டெடுத்த தேடற்குழுவோடு சென்றவை இந்தக் கழுதைகளே.

5. வாடகைக் கப்பல் முதல் கிருஷ்ணாபுரம் வரை

1957-58இல் நடந்த பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு, தொடக்கத்தில் மூன்றாவது துருவ ஆண்டாக எண்ணப்பட்டது. 1882-83, 1932-33 ஆகியவை முந்தைய இரண்டு. துருவத்திற்காகப் பிறந்த அந்தத் திட்டத்தின் பயனாகத் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்த நிலையங்கள் அமைந்தன. பகலில் காந்த நடுக்கோட்டின் மேலே வானில் ஓடும் வலிய மின்னோட்டம் ஆய்வுப் பொருளாகியிருந்தது. 1963இல் தும்பாவிலிருந்து ஏவுகலம் எழுந்ததற்கும் அந்த நடுக்கோட்டின் அருகாமையே காரணம்.

1981 டிசம்பர் 6 அன்று எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து அண்டார்க்டிகாவுக்குப் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று கரையேறினர். சென்ற கப்பல் ‘போலார் சர்க்கிள்’. நார்வேயிலிருந்து வாடகைக்கு எடுத்தது. பனிக்கடலுக்கான கப்பல் நம்மிடம் இல்லை. மீண்டும் பிறர் பட்டியல். 1983-84இல் பனித்தட்டின் மீது எழுப்பிய ‘தட்சிண கங்கோத்ரி’ சில ஆண்டுகளிலேயே பனிக்குள் புதைந்தது. அந்தப் பாடத்தைக் கற்று, அடுத்த நிலையமான ‘மைத்ரி’யைப் பாறைநிலத்தில், தூண்களின் மேல் உயர்த்திக் கட்டினார்கள். 2012இல் திறந்த ‘பாரதி’ 134 கப்பற் கொள்கலன்களைக் கொண்டு அமைந்தது; ஏற்றிச் செல்லும் பெட்டியே கட்டடத்தின் உறுப்பாயிற்று. பிறர் பட்டியலில் தொடங்கி, இடத்தின் படிப்பினையால் தம் பட்டியலை எழுதுதல்: கால்டிகாட்டிலிருந்து பிரௌன் வரை இக்குன்றில் நடந்ததே அங்கும் நடந்தது.

இன்று மைத்ரியில் காந்த அளவீடுகளை நடத்தும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகத்தையும் நடத்துகிறது. அகத்தியர் மலைக்கு மேற்கே திருவனந்தபுரம், கிழக்கே திருநெல்வேலி. 1841இல் போடப்பட்ட துருவம்–நடுக்கோடு என்னும் இணைப்பு, மலையைத் தாண்டி இடம் மாறியிருக்கிறதே தவிர அறுந்துவிடவில்லை.

6. மாணவர்களுக்கு

திருவிதாங்கூர் மன்னர் ஆங்கிலேயரின் அறிவியல் பெருமைக்குப் பணம் செலவிட்டார், அவ்வளவே என்று இந்த வரலாற்றைச் சுருக்கிவிடலாம். மன்னரின் மேதைமை என்று புகழ்ந்தும் முடித்துவிடலாம். இரண்டும் எளிது, இரண்டும் போதா. முதற்கூற்று நடுக்கோட்டிலிருந்து எழுந்த புதிய கேள்விகளை மறைக்கிறது. இரண்டாம் கூற்று வரி கொடுத்தவரையும் கண்விழித்தவரையும் மறைக்கிறது. கருவிக் கொள்முதலின் வரலாற்றை நான்கு கேள்விகளாகப் பிரித்துப் படிக்கலாம்: பட்டியலை எழுதியவர் யார், பணம் கொடுத்தவர் யார், கருவியைப் படித்தவர் யார், அந்த எண்களைக் கொண்டு கேள்வி கேட்டவர் யார்? நான்கிற்கும் ஒரே விடை கிடைக்கும் இடங்கள் உலகில் மிகச் சில. திருவனந்தபுரத்தில் நான்கிற்கும் நான்கு விடைகள்.

இவற்றுள் மூன்றாவது கேள்வியில்தான் நம் பணி மிகுதியாக எஞ்சியுள்ளது. தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்த ஆய்வு மாணவர்களுக்கு அரண்மனைக் கணக்கும் ஊதியப் பதிவும் மொழித்தடை அல்ல. சம்பளப் பட்டியலில் உள்ள ஒரு பெயர், 288 எண்கள் நிரம்பிய ஒரு பக்கத்தோடு பொருந்தும் நாளில், ‘உதவியாளர்கள்’ என்ற பன்மையிலிருந்து ஒருவர் வெளியே வருவார். அந்தப் பணியில் ஆர்வமுள்ளோர் உள்பெட்டியில் எழுதலாம், சேர்ந்து படிப்போம்.

தம்பானூர், திருவனந்தபுரம்